கொரியன் நூடுல்ஸ் வீட்டில் செய்தால் மட்டும் ஏன் களி ஆகுது?

#1 — ஈரோடு செல்வி

எல்லாருக்கும் வணக்கம். என் பொண்ணு பதினொண்ணாவது படிக்கிறா. லீவு விட்டாப் போதும், கொரியன் சீரியல்தான். அதுல மஞ்சக் கலர் சட்டியில நூடுல்ஸ் தளதளன்னு கொதிக்குது, சட்டி மூடியையே தட்டு மாதிரி பிடிச்சுக்கிட்டு ஊதி ஊதி உறிஞ்சுறாங்க. அதே மாதிரி வேணும்னு ஒரு வாரமா அடம். சரின்னு சூப்பர் மார்க்கெட்ல ஒரு பாக்கெட் நூறு ரூபாய்க்கு மேல குடுத்து ரெண்டு வாங்கிட்டு வந்தேன்.

நான் பண்ணினது இதுதான். ஒன்றரை டம்ளர் தண்ணி வெச்சேன், நூடுல்ஸை நாலா உடைச்சுப் போட்டேன், உள்ள இருந்த பொடி பாக்கெட் எல்லாத்தையும் கொட்டினேன், தண்ணி வத்துற வரைக்கும் கிளறினேன். மேகிக்கு இத்தனை வருஷமா அப்படித்தான். பொண்ணு ஒரு வாய் வெச்சுட்டு "அம்மா, இது நூடுல்ஸ் உப்புமா"ன்னுட்டா. உப்பு கரிக்குது. காரத்துல அவங்கப்பாவுக்கு விக்கலே வந்திருச்சு.

இன்னொரு பாக்கெட் மிச்சம் இருக்கு. அதையும் களி ஆக்குறதுக்கு முன்னாடி கேட்டுக்கலாம்னு வந்தேன். பாக்கெட் பின்னாடி பூரா கொரியன் எழுத்து. மேல ஒட்டின ஸ்டிக்கர்ல விலையும் இறக்குமதி பண்ணினவங்க விலாசமும்தான் இருக்கு.

#2 — சோம்பேறி சமையல்

நூடுல்ஸ் உப்புமா. பொண்ணுக்கு நல்ல எதிர்காலம் இருக்குக்கா.

#3 — டேஜான் வாசி

அக்கா, நான் கொரியாவுல டேஜான்ல நாலு வருஷமா ஆராய்ச்சிப் படிப்பு. சோறு வடிக்க நேரமில்லாத நாள்ல எல்லாம் இதுதான் என் ராச்சாப்பாடு. அதனால கொஞ்சம் அனுபவம் உண்டு.

முதல்ல ஒண்ணு சொல்லுங்க. உள்ள என்னென்ன பாக்கெட் இருந்துச்சு? சிவப்புப் பொடியும் காஞ்ச காய்கறித் துண்டும்னா அது குழம்பு வகை, தண்ணி நிறைய நிக்கணும். பொடிக்குப் பதிலா கொழகொழன்னு சாஸ் பாக்கெட்னா அது வடிச்சுப் பிரட்டுற வகை. ரெண்டும் ரெண்டு சமையல். சாம்பார் சாதமும் லெமன் சாதமும் சாதம்தானேன்னு ஒரே மாதிரி பண்ண மாட்டோம் இல்லையா, அது மாதிரி.

#4 — ஈரோடு செல்வி

சிவப்புப் பொடி ஒண்ணு, காஞ்ச காய் ஒண்ணு. சாஸ் இல்லை தம்பி.

#5 — டேஜான் வாசி

அப்போ குழம்பு வகை. நீங்க பண்ணினதுல முதல் தப்பு தண்ணிதான். இங்க அதிகம் விக்கிற ஷின் ராமியோனை எடுத்துக்குங்க. ஒரு பாக்கெட் 120 கிராம். மேகி சின்ன பாக்கெட் 70 கிராம்தான். ஷின் உறையில போட்டிருக்கிறது 550 மில்லி தண்ணி, கொதிச்சதும் நூடுல்ஸ், பொடி, காய் எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு 4 நிமிஷம் 30 நொடி. 550 மில்லின்னா நம்ம எவர்சில்வர் டம்ளர்ல ரெண்டரைக்கு மேல வரும். ஆனா டம்ளர் வீட்டுக்கு வீடு வேற. அரை லிட்டர் தண்ணி பாட்டிலை நிரப்பி ஊத்திட்டு மேல மூணு டேபிள் ஸ்பூன் விடுங்க, கணக்கு சரியா வரும்.

நீங்க விட்டது அதுல பாதி. 550 மில்லிக்குன்னு அளந்து வெச்ச பொடி பாதி தண்ணியில கரைஞ்சா உப்பு கரிக்காம என்ன பண்ணும்? அதையும் வத்த விட்டிருக்கீங்க! மாமா விக்கினதுல ஆச்சரியமே இல்லை.

அடுத்தது, உடைக்காதீங்க. முழுசாப் போடுங்க. ஒரு நிமிஷத்துல தானா இளகும், அப்போ குச்சியாலயோ முள்கரண்டியாலயோ லேசாப் பிரிச்சு விட்டாப் போதும். கிளறக் கூடாது. கிளறினா மாவு கரைஞ்சு கஞ்சித் தண்ணி ஆயிடும். இங்க எல்லாரும் பண்ற ஒரு வேலை இருக்கு. கொதிக்கிறப்ப நூடுல்ஸைத் தூக்கித் தூக்கிக் காத்துல காட்டி மறுபடி உள்ள விடுவாங்க. அப்போதான் விறைப்பா நிக்குமாம். அது நிஜமான்னு எனக்கே சந்தேகம் உண்டு, ஆனா நானும் பண்றேன்.

மஞ்சச் சட்டி பத்தி: அது மெல்லிசு அலுமினியம், மேல மஞ்ச நிறம் ஏத்தினது. சீக்கிரம் சூடேறும், அவ்வளவுதான் மகிமை. நம்ம வீட்டுப் பால் காய்ச்சுற பாத்திரம் போதும். அடி கனமான குக்கர் பாத்திரம் வேண்டாம், அடுப்பை அணைச்சும் உள்ள வெந்துக்கிட்டே இருக்கும்.

#6 — நிஷிகசாய் நாடோடி

தோக்கியோவிலிருந்து எழுதுகிறேன். தம்பி சொன்னது கொரிய வழி. சரிதான். ஆனால் ஜப்பான் பாக்கெட் கையில் கிடைத்தால் அப்படியே செய்துவிடாதீர்கள். இங்கே சப்போரோ இச்சிபான் என்று 1966லிருந்து விற்கிற ஒன்று உண்டு. அதில் 500 மில்லி தண்ணீர் கொதித்ததும் நூடுல்ஸை மட்டும் போட்டு 3 நிமிடம் வேக விட வேண்டும். அடுப்பை அணைத்த பிறகுதான் பொடி.

ஏன் இப்படி என்று எனக்கும் வெகுநாள் புரியவில்லை. பிறகு யோசித்தால் நம் வீட்டிலேயே இரண்டு பழக்கமும் இருக்கிறது. வத்தக்குழம்பை நன்றாகக் கொதிக்க விடுவோம், மிளகாயும் புளியும் ஒன்றோடொன்று சேர வேண்டும். ரசத்தை நுரை கட்டியதும் இறக்கிவிடுவோம், வாசனை ஆவியோடு போய்விடக் கூடாது. கொரியப் பொடி மிளகாயும் பூண்டும். நூடுல்ஸோடு கொதித்து உள்ளே ஏற வேண்டியது. ஜப்பான் பொடி சோயா, மிசோ (புளிக்க வைத்த சோயா விழுது), எள் மாதிரியான மெல்லிய வாசனை, கொதித்தால் ஓடிவிடும்.

இன்னொன்று, ஜப்பானில் கோழி ராமென் என்று ஒன்று உண்டு (ராமென் என்றால் சூப் நூடுல்ஸ்). எல்லாவற்றுக்கும் மூத்தது அதுதான். அதில் பொடி பாக்கெட்டே கிடையாது. நூடுல்ஸிலேயே சுவை ஏற்றியிருப்பார்கள். கிண்ணத்தில் வைத்துக் கொதிநீர் ஊற்றி மூடி 3 நிமிடம். நடுவில் முட்டை உடைத்து ஊற்ற ஒரு குழி வேறு, 2003லிருந்து.

#7 — சோம்பேறி சமையல்

பொடியை முதல்லயே தண்ணியில போட்டுக் கொதிக்க வெச்சா கொதிநிலை ஏறும், நூடுல்ஸ் சீக்கிரம் வெந்து நல்லா விறைப்பா வரும்னு யூடியூப்ல ஒரு அண்ணன் சத்தியம் பண்ணினாரு. அதைப் பத்தி யாரும் பேசலியே?

#8 — வேதியியல் வாத்தியார்

ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது. இப்படிக் கேள்வி வந்தால் கை துறுதுறுக்கிறது.

அந்த அண்ணன் சொன்னதில் வேதியியல் உண்டு, அளவு இல்லை. ஷின் உறையில் சோடியம் 1,790 மில்லிகிராம் என்று போட்டிருக்கிறது. அதை உப்பாக மாற்றினால் ஏறக்குறைய நாலரை கிராம். எல்லாமே பொடியில்தான் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம் (உண்மையில் நூடுல்ஸிலும் உப்பு உண்டு). நாலரை கிராம் உப்பை அரை லிட்டர் தண்ணீரில் கரைத்தால் கொதிநிலை எவ்வளவு ஏறும்? 0.16 டிகிரி. கால் டிகிரி கூட இல்லை. ஈரோட்டில் வைத்துச் செய்வதற்கும் ஏற்காட்டில் செய்வதற்கும் உள்ள வித்தியாசம் இதைப் போல முப்பது மடங்கு வரும். ஆக, பொடியை முன்னால் போட்டால் விறைப்பு வராது. சுவை கொஞ்சம் கூடுதலாகக் கரையலாம், அது வேறு விஷயம்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது பொடியை மொத்தமாகக் கொட்டினால் சட்டென்று நுரைத்துப் பொங்கி வழியும். ஒவ்வொரு பொடித் துகளும் ஆவிக்குமிழி பிறக்க ஓர் இடம் கொடுக்கிறது. ஆய்வகத்தில் குடுவைக்குள் ஓட்டுச்சில் போடுவோமே, அதே தத்துவம். கொட்டும்போது அடுப்பைத் தணித்துக்கொள்ளுங்கள்.

#9 — குன்னூர் குளிர்

முப்பது மடங்கு கணக்கு நிஜம் சார். எங்க ஊர்ல 4 நிமிஷம் 30 நொடி போட்டா நடுவுல மாவு கடிபடும். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல, தண்ணி 93 டிகிரி கிட்டயே கொதிச்சுடும். நான் ஒரு நிமிஷம் சேத்து வெக்கிறேன். லடாக் போனப்ப ரோட்டோரக் கடையில "ரெண்டு நிமிஷம்"னு சொல்லி எட்டு நிமிஷம் நிக்க வெச்சாங்க. குத்தம் சொல்ல முடியாது, அந்த உயரத்துல அப்படித்தான்.

#10 — இயற்கை விரும்பி

எல்லோரும் இவ்வளவு ஆர்வமாகப் பேசுகிறீர்கள். நூடுல்ஸ் ஒட்டாமல் இருக்க மேலே மெழுகு பூசுகிறார்கள் என்பது யாருக்கும் தெரியாதா? வயிற்றில் நாலு நாள் தங்கும். முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி வேக வைக்க வேண்டும் என்று மருத்துவரே சொல்லி வாட்ஸ்அப்பில் வந்தது. அதோடு அஜினோமோட்டோ வேறு. குழந்தைகளுக்கு இதைக் கொடுக்கலாமா?

#11 — நிஷிகசாய் நாடோடி

ஐயா, மெழுகு கிடையாது. தண்ணீர் மேல் மிதக்கிற பளபளப்பு எண்ணெய். அது எங்கிருந்து வந்தது என்பதைச் சொன்னால் செல்வி அம்மாவின் களிப் பிரச்சினைக்கும் பாதி பதில் கிடைக்கும்.

இதைக் கண்டுபிடித்தவர் மோமோஃபுக்கு ஆண்டோ. தைவானில் பிறந்தவர். தொழிலில் நொடித்துப்போய், ஒசாகா பக்கம் இகேதா ஊரில் வீட்டுக் கொல்லையில் ஒரு கொட்டகை போட்டு நூடுல்ஸை எப்படிக் காயவைத்து வைப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தார். வெயிலில் காய்ந்தது வேக நேரமெடுக்கும். மனைவி தெம்புரா பொரிப்பதைப் பார்த்தபோதுதான் பிடி கிடைத்தது. தெம்புரா என்றால் நம் பஜ்ஜிக்குச் சித்தப்பா. மாவு எண்ணெயில் விழுந்ததும் சடசடவென்று குமிழ் விடுகிறதே, அது உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி ஓடுவது. ஓடின இடமெல்லாம் பொடிப் பொடி ஓட்டையாக நிற்கும். அப்படிப் பொரித்த நூடுல்ஸில் கொதிநீர் ஊற்றினால் அந்த ஓட்டை வழியே தண்ணீர் உள்ளே பாயும், மூன்று நிமிடத்தில் வெந்துவிடும். 1958 ஆகஸ்ட் 25 அன்று கடைக்கு வந்தது, விலை 35 யென். நான் மேலே சொன்ன கோழி ராமென் அதுதான். அந்தக் கொட்டகை மாதிரியே ஒன்று கட்டி யோகோஹாமா அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். பையனைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். நம் ஊர் மாட்டுக்கொட்டகையை விடச் சின்னது.

ஆக, எண்ணெய் என்பது பொரித்த எண்ணெய்தான். அதனால் அது ஆரோக்கிய உணவு என்று நான் சொல்லவில்லை. மெழுகு இல்லை என்கிறேன், அவ்வளவே. எண்ணெய் வேண்டாம் என்றால் பொரிக்காமல் சூடான காற்றில் உலர்த்திய வகை கிடைக்கிறது. அது வேக ஒன்றிரண்டு நிமிடம் கூட எடுக்கும், கடிக்கப் பச்சை நூடுல்ஸ் மாதிரி இருக்கும்.

#12 — வேதியியல் வாத்தியார்

அஜினோமோட்டோ பற்றி ஒரு வார்த்தை. கிகுனே இகேதா என்ற தோக்கியோ பேராசிரியர் 1908ல் கொம்பு என்னும் கடற்பாசிச் சாற்றிலிருந்து, அஜினோமோட்டோவின் சுவைக்குக் காரணமான குளூட்டமேட்டைப் பிரித்தார். அதே குளூட்டமேட் தக்காளியில் இருக்கிறது, முற்றிய சீஸில் இருக்கிறது. தக்காளி ரசம் பிடிக்கும், அஜினோமோட்டோ பெயர் கேட்டால் பயம் என்பவர்களை நான் வகுப்பிலேயே நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு வயது நிறையாத குழந்தைக்கு வேண்டாம் என்று நம் நாட்டு உறைகளில் அச்சிட்டிருந்தார்கள். அது நியாயம்தான். ஒரு வயதுக் குழந்தைக்கு யார் நூடுல்ஸ் கொடுக்கப்போகிறார்கள்?

2015ல் நடந்ததை எல்லோரும் கலந்து கட்டிப் பேசுவார்கள். ஜூனில் மேகிக்குத் தடை வந்தது. அதற்குச் சொன்ன காரணங்களில் முக்கியமானவை ஈயத்தின் அளவும், உறைமேல் இருந்த "எம்.எஸ்.ஜி. (அதாவது அஜினோமோட்டோ) சேர்க்கவில்லை" என்ற வாசகமும். ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் தடையை நீக்கியது, நவம்பரில் மறுபடி கடைக்கு வந்தது.

உண்மையில் கவலைப்பட வேண்டியது உப்புக்கு. ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராம் சோடியத்துக்குள் நிற்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே கிண்ணம் 1,790. காலை ஊறுகாய், மத்தியானம் அப்பளம், ராத்திரி இது என்றால் கணக்கு எங்கே போகும்? எனக்கு ரத்தக் கொதிப்பு. நான் பொடியில் பாதிதான் போடுகிறேன், குழம்பை மிச்சம் வைத்துவிடுகிறேன். இயற்கை விரும்பி ஐயா முதல் தண்ணீரைக் கொட்டுவதும் ஒரு விதத்தில் நல்லதே. மெழுகு போகாது, நூடுல்ஸில் இருக்கிற உப்பும் எண்ணெயும் கொஞ்சம் போகும்.

#13 — இயற்கை விரும்பி

சரி. மெழுகை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் கம்பு கூழுக்கு ஈடாகாது.

#14 — சோம்பேறி சமையல்

அதை எந்த சீரியல்ல சட்டி மூடியில வெச்சு உறிஞ்சுறாங்க?

#15 — ஈரோடு செல்வி

இன்னைக்குச் சாயந்திரம் ரெண்டாவது பாக்கெட் பண்ணிட்டேன். பாட்டில்ல அளந்து தண்ணி வெச்சேன். உடைக்கலை. வாத்தியார் ஐயா எச்சரிச்சும் அடுப்பைத் தணிக்க மறந்துட்டேன், பொடி போட்டதும் பொங்கி பர்னர்மேல வழிஞ்சு அணைஞ்சே போச்சு. துடைச்சு மறுபடி பத்த வெச்சேன். மத்தபடி அருமையா வந்துச்சு. குழம்பு செக்கச்செவேல்னு. பொண்ணு போட்டோ எல்லாம் எடுத்தா.

ஆனா அவ அப்பா "பத்து நிமிஷத்துல வந்துடறேன், எனக்கும் வை"ன்னு போன் பண்ணினாரு. மூடி வெச்சோம். பத்து நிமிஷம் இருபது ஆச்சு. திறந்து பாத்தா குழம்பைக் காணோம்! நூடுல்ஸ் ஒவ்வொண்ணும் மண்புழு மாதிரி ஊதி, மறுபடி களி. இதுக்கு என்ன வழி?

#16 — டேஜான் வாசி

வழி ஒண்ணுதான்கா, மாமாவை விட்டுட்டுச் சாப்பிடுறது.

நிஜமாத்தான் சொல்றேன். நாடோடி அண்ணன் சொன்னாரே, பொரிச்ச ஓட்டைன்னு. அடுப்பை அணைச்சதும் அந்த ஓட்டை அடைபட்டுடாது. சூடான குழம்பு பக்கத்துல இருக்கிற வரைக்கும் குடிச்சுக்கிட்டே இருக்கும். அதனாலதான் இங்க கிண்ணத்துக்கு மாத்துற நேரம் கூட வீணாக்காம சட்டியோட மேசைக்குக் கொண்டு வர்றாங்க. சட்டி சூடு நாக்கைப் பொசுக்கும்னுதான் கொஞ்சம் கொஞ்சமா மூடியில எடுத்து ஆத்திச் சாப்பிடுறது. சீரியல்ல அது ஸ்டைலுக்காகன்னு நானும் நினைச்சேன்.

சாப்பிடுறவங்க முதல்ல உக்காரணும், அப்புறம்தான் நூடுல்ஸ் தண்ணியில விழணும். தோசை மாதிரி. இட்லி காத்திருக்கும், இது காத்திருக்காது. நேரத்தையும் அரை நிமிஷம் குறைச்சே இறக்குங்க, நாலு நிமிஷத்துல. மிச்சம் சூட்டுலயே வெந்துடும்.

மாமா லேட்டா வருவார்னு தெரிஞ்சா குழம்பைத் தனியாக் கொதிக்க வெச்சு நிறுத்திக்குங்க. அவர் வந்து செருப்பைக் கழட்டினதும் மறுபடி கொதிக்க விட்டு நூடுல்ஸைப் போடுங்க.

#17 — கிள்ளான்காரன்

மலேசியாவுலேருந்து வரேன் அக்கா. நீங்க எல்லாரும் சூப்பையே பேசுறீங்க, பிரட்டலை மறந்துட்டீங்க. எங்க ஊர் மாமாக் கடையில, அதாவது தமிழ் முஸ்லிம் கடையில, ராத்திரி ரெண்டு மணிக்குப் போனாலும் மேகி கோரெங், அதான் பிரட்டின மேகி, கிடைக்கும். களி ஆகாத நூடுல்ஸ் எப்படின்னு அந்த அடுப்புப் பக்கம் நின்னு பாத்துத்தான் கத்துக்கிட்டேன்.

ரகசியம் வேக்காடுதான். நூடுல்ஸைக் கொதிதண்ணியில ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம், அவ்வளவுதான். இன்னும் முறுக்கா இருக்கும்போதே வடிச்சுப் பச்சைத் தண்ணியில அலசிடணும். அலசினா மேல இருக்கிற மாவு போயிடும், சூடும் அடங்கிடும், வேகுறது அங்கேயே நின்னுடும். அப்புறம் இரும்புக் குவாலி, அதான் வாணலி, புகையுற அளவுக்குக் காயணும். எண்ணெய், பூண்டு, அரைச்ச மிளகாய்ச் சம்பல், பொரிச்ச தவ்வு (சோயா பனீர்), ஒரு கை சவி கீரை. முட்டையை ஓரத்துல உடைச்சு அரைவேக்காட்டுல நூடுல்ஸைக் கொட்டி, இனிப்புக் கிச்சாப் (இனிப்பான சோயா சாஸ்) கொஞ்சம், பொடி பாதி பாக்கெட். கடைசியா தவ்கே, முளைகட்டின பயறுதான். மொத்தம் ரெண்டு நிமிஷம், தீயைத் தணிக்கவே கூடாது. மேல சின்ன எலுமிச்சை பிழிஞ்சு சாப்பிடணும்.

வீட்டு அடுப்புல ஒரு தடவைக்கு ஒரு பாக்கெட்டுக்கு மேல போடாதீங்க. ரெண்டு போட்டா வாணலி ஆறிடும், வதங்காம அவிஞ்சுடும்.

#18 — வன்னிப் பெடியன்

அண்ணை சொன்னதைப் பார்க்க எங்கட கொத்து ஞாபகம் வருகுது. ரொட்டிக்குப் பதிலா நூடில்ஸைப் போட்டுக் கொத்தினா அதுவும் ஒரு சாப்பாடுதான். கடையில கொத்து ருசியிலயே பைக்கற் விக்கிறாங்கள். எண்டாலும் அம்மா முதல் நாள் கோழிக்கறிக் குழம்பில ரெண்டு கரண்டி விட்டு, லீக்ஸும் முட்டையும் போட்டுப் பிரட்டித் தாறதுக்குக் கிட்டவும் வராது. பைக்கற் தூளை அவ பிரிக்கிறதே இல்லை. அலுமாரியில முப்பது நாப்பது தூள் பைக்கற் கிடக்குது, ஏன் சேர்க்கிறா எண்டு ஒருத்தருக்கும் தெரியாது.

#19 — டேஜான் வாசி

பிரட்டல்னதும் ஞாபகம் வருது. சாஸ் வகை வாங்கினா, அதான் அந்தக் காரக் கோழி புல்டாக், 600 மில்லியில 5 நிமிஷம் வேக வெச்சு, எட்டு ஸ்பூன் தண்ணியை மட்டும் நிறுத்திட்டு மிச்சத்தை வடிக்கணும். அப்புறம் சாஸ் ஊத்தி அரை நிமிஷம் பிரட்டணும். எட்டு ஸ்பூனை மறந்து மொத்தமா வடிச்சுட்டா சாஸ் திட்டுத் திட்டா ஒட்டிக்கும். அந்தத் தண்ணியில இருக்கிற மாவுதான் சாஸை நூடுல்ஸ்மேல பூசி விடுது.

காரத்தைச் சாதாரணமா நினைக்காதீங்க. நம்ம ஆந்திரா ஊறுகாய் சாப்பிட்ட நாக்குத்தானேன்னு நானும் இறங்கினேன், மறுநாள் லேப்புக்குப் போகலை. 2024 ஜூன்ல டென்மார்க் அரசாங்கம் அதுல மூணு வகையைக் காரம் ஜாஸ்தின்னு கடையிலேருந்தே திருப்பி எடுக்கச் சொல்லுச்சு. காரம் தாங்கலைன்னா தண்ணி குடிக்காதீங்க, மிளகாய்க் காரம் தண்ணியில கரையாது. பால், தயிர், இல்லேன்னா கொதிக்கிற நூடுல்ஸ் மேலயே ஒரு சீஸ் ஸ்லைஸ். இங்க சீஸ் போடாத கடை இல்லை. செல்வி அக்கா, மாமாவுக்கு அதைப் பண்ணிக் குடுங்க.

#20 — சைவச் சட்டி

எங்க வீட்டுல முட்டை கூடக் கிடையாது. மேல காளான் படம் போட்டிருந்ததுன்னு வாங்கிட்டு வந்து, ஸ்டிக்கரைப் பூதக்கண்ணாடி வெச்சுப் படிச்சா மாட்டிறைச்சிச் சாறு. பச்சைப் புள்ளி பாத்து வாங்கணும்னு அப்பத்தான் உறைச்சது. பச்சைப் புள்ளி இருக்கிற பாக்கெட்ல குழம்பு சப்புன்னு இருக்கு. சைவத்துல ருசி ஏத்த வழி உண்டா?

#21 — நிஷிகசாய் நாடோடி

நான் சைவம். பத்து வருடம் இந்த ஊரில் தள்ளியிருக்கிறேன், அதனால் சொல்ல உரிமை உண்டு. இங்கே வெறும் காய்கறி படம் போட்ட பாக்கெட்டிலும் பன்றி, கோழி, மீன் ஏதாவது ஒன்றின் சாறு இருக்கும். மிசோ சூப்பே காய்ந்த மீனைச் சீவிப் போட்டுக் கொதித்த தண்ணீரில்தான் வைப்பார்கள். அதனால் நான் நூடுல்ஸை மட்டும் எடுத்துக்கொண்டு குழம்பை நானே வைக்கிறேன்.

காய்ந்த ஷிட்டாக்கே காளான் மூன்றை முதல் நாள் ராத்திரியே அரை லிட்டர் தண்ணீரில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். அந்தத் தண்ணீர்தான் அடிப்படை. கொம்பு கிடைத்தால் ஒரு துண்டு சேருங்கள், கிடைக்காவிட்டால் ஒரு நாட்டுத் தக்காளி. சட்டியில் எண்ணெய் விட்டு, பூண்டும் இஞ்சியும் பொடியாக நறுக்கி, பொன்னிறம் வரும் வரை வதக்கி, மிளகாய்த்தூளை எண்ணெயிலேயே ஒரு நொடி போட்டு உடனே காளான் தண்ணீரை ஊற்றுங்கள். மிசோ ஒரு டேபிள் ஸ்பூன், கடைசியில், அணைத்த பிறகு. வறுத்த வெள்ளை எள்ளை உரலில் நசுக்கி நிறையப் போடுங்கள்.

நல்லெண்ணெய் விட்டால் போதாதா என்று என் அம்மா கேட்டார். போதாது. நம் செக்கு நல்லெண்ணெயில் எள்ளை வறுப்பதில்லை. கொரிய, ஜப்பானிய எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் ஆட்டியது, கறுத்து இருக்கும், இரண்டு சொட்டே ஊரைக் கூட்டும். வறுத்த எள்ளை நசுக்கிப் போட்டால் அந்த வாசனைக்குப் பக்கத்தில் வரும். ஒருமுறை எள் கிடைக்காமல் இட்லிப் பொடி தூவினேன். நன்றாகவே இருந்தது, ஆனால் அதற்குப் பெயர் ராமென் இல்லை.

#22 — சைவச் சட்டி

ரொம்ப நன்றி. அப்புறம் ஒரு சந்தேகம், அந்த மஞ்ச நிறம் முட்டையா? அதுக்குப் பயந்துதான் பாட்டி தொடவே மாட்டேங்கறா.

#23 — வேதியியல் வாத்தியார்

பெரும்பாலும் முட்டை இல்லை அம்மா, ஆனாலும் உறையைப் படித்துவிடுங்கள். நிறம் காரத்தால் வருவது. மிளகாய்க் காரம் இல்லை, சோடாக்கார வகை. ஜப்பானில் கன்சுய் என்பார்கள், பொட்டாசியம் கார்பனேட்டும் சோடியம் கார்பனேட்டும். கோதுமை மாவில் இயற்கையாக இருக்கிற சில நிறமிகள் காரம் பட்டால் மஞ்சளாகும். மாவின் பசையும் இறுகும். ராமென் சேமியாவைப் போலக் குழையாமல் ரப்பர் மாதிரி இழுத்துக்கொண்டு நிற்பது அதனால்தான்.

பாட்டிக்கு இப்படிச் சொல்லிப் பாருங்கள்: அப்பளத்துக்கு மாவு இடிக்கும்போது அப்பளக் காரம் போடுவோமே, இதுவும் அந்தச் சாதிதான்.

#24 — ஈரோடு செல்வி

மூணாவது தடவை. புதுசா ரெண்டு பாக்கெட் வாங்கினேன். இந்தத் தடவை மூணு பேரும் முதல்லயே உக்காந்தாச்சு. ரெண்டு பாக்கெட்டுக்குத் தண்ணியை ரெண்டு மடங்கா வெக்கலாமான்னு கேட்க மறந்துட்டேன், 1,100 மில்லியே வெச்சேன். குழம்பு கொஞ்சம் தண்ணியா இருந்துச்சு. நாலு நிமிஷத்துல அணைச்சேன். மூணாவது நிமிஷத்துல முட்டையை உடைச்சு விட்டு, கலக்காம மூடி வெச்சேன், மஞ்சக்கரு உள்ள இளகின பதம். வெங்காயத்தாள் இல்லை, சின்ன வெங்காயம்தான் நறுக்கிப் போட்டேன். அவ அப்பாவுக்கு மட்டும் சீஸ். மனுஷன் பேசவே இல்லை, குழம்பைக் கிண்ணத்தோட தூக்கிக் குடிச்சுட்டாரு. வாத்தியார் ஐயா உப்புக் கணக்கு சொன்னப்புறமும்!

பொண்ணு சட்டி மூடியிலதான் சாப்பிட்டா. நம்ம எவர்சில்வர் மூடியில நடுவுல குமிழ் இருக்கே, கவுத்தா நிக்காது. ஒரு கையால பிடிச்சுக்கிட்டே சாப்பிட்டா.

#25 — டேஜான் வாசி

சூப்பர்கா! ரெண்டு பாக்கெட்டுக்குத் தண்ணி ரெண்டு மடங்கு வேண்டாம். அதே சட்டி, அதே நேரம்தானே, ஆவியாப் போறது ரெண்டு மடங்கு ஆகாது. 900 பக்கம் வெச்சுப் பாருங்க. மூணு பாக்கெட்டுக்கு மேல ஒரே சட்டியில முயற்சியே வேண்டாம், போட்டதும் கொதி அடங்கிடும், மறுபடி கொதி வர்றதுக்குள்ள அடியில இருக்கிறது ஊறிடும்.

#26 — சோம்பேறி சமையல்

இவ்வளவு படிச்சதுக்கு நான் நேத்து எலக்ட்ரிக் கெட்டில்ல தண்ணி கொதிக்க வெச்சு டிபன் பாக்ஸ்ல ஊத்தி மூடி வெச்சுத் தின்னேன். அஞ்சு நிமிஷம். நல்லாத்தான் இருந்துச்சு. ஆண்டோ தாத்தா கூட அதைத்தானே சொன்னாரு?

#27 — நிஷிகசாய் நாடோடி

அதையேதான். ஆனால் கொரியப் பாக்கெட் நூல் தடிமன், அதற்கு அடுப்பு வேண்டும். மெல்லிசு நூலுக்குத்தான் கெட்டில் தண்ணீர் போதும். கெட்டிலுக்குள்ளேயே நூடுல்ஸைப் போட்டு வேக வைக்கிற விடுதிப் பையன்கள் உண்டு, அது மட்டும் வேண்டாம். அடுத்த ஒரு மாதம் டீயில் மசாலா வாசனை வரும்.

#28 — வேதியியல் வாத்தியார்

காரத்தைப் பற்றி எழுதியபின் சும்மா இருக்க முடியவில்லை. சமையல் சோடாவை ஓவனில் ஒரு மணி நேரம் சுட்டால் அது சோடியம் கார்பனேட்டாக மாறும், அதைப் போட்டு வேக வைத்தால் சாதாரண ஸ்பாகெட்டியும் ராமென் மாதிரி ஆகும். எங்கள் வீட்டில் ஓவன் இல்லை. சுடாத சோடாவையே, வேகம் குறைவுதானே என்று, ஒரு லிட்டருக்கு இரண்டு டேபிள் ஸ்பூன் போட்டு ஸ்பாகெட்டியை வேக வைத்தேன். நுரை பொங்கி வழிந்தது. பொடியைப் பற்றி உங்களை எச்சரித்தவனே நான்தான், செல்வி அம்மா சிரித்துக்கொள்ளலாம்.

நிறம் வந்தது, நல்ல மஞ்சள். இழுவையும் வந்தது. வாயில் வைத்தால் துணி சோப்பு. வீட்டுக்காரம்மா சமையலறைக்கு வந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "துணி ஊற வச்சிருக்கீங்களா?" என்றாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு டேபிள் ஸ்பூனாகக் குறைத்து, வடித்தபின் பச்சைத் தண்ணீரில் அலசிப் பார்க்கப் போகிறேன். கிள்ளான் தம்பி, அலசுவது ஒரு தடவை போதுமா, இரண்டு தடவையா?

#29 — கிள்ளான்காரன்

சோப்பு வாசனை போறவரைக்கும் அலசுங்க சார்.